ரெண்டடி

வாளி ஒன்று, சுத்தியல் ஒன்று, தட்டியதும் ஒரே ஒரு தட்டு. சத்தம் மட்டும் இரண்டாகக் கேட்டது.

திருநாவுக்கரசு மரச்சுத்தியலை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டார். விடியற்காலைப் பெரட்டு, ஆளெண்ணி வேலைக்கு அனுப்பும் நேரம். முள்கம்பி வேலியின் கதவருகே தொங்கிய பெட்ரோமாக்ஸ் விளக்கு உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சம் எட்டிய இடம்வரை மனிதர்கள், எட்டாத இடத்தில் ரப்பர் மரங்கள், இரண்டுக்கும் நடுவே பனி. புகைக்கூடத்தின் புளித்த புகையும், பால் காய்ந்து விறைத்த துணிகளின் அழுகல் வாடையும், யாரோ மென்ற வெற்றிலையும் கலந்து வந்த அந்தக் காற்றில், அறுபது பேர் வாளியும் கையுமாக நின்றுகொண்டே தூங்கினார்கள். தூக்கத்திலேயே வரிசை நகர்ந்தது. பழக்கம்.

"என்னப்பா அரசு, நின்னுக்கிட்டே செத்துட்டியா?" என்றார் கணக்கெழுதும் மணியம் கிராணி, நோட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

எதிரே நின்றவள் லெட்சுமி. நாற்பத்து நான்காம் நிரையின் ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறவள். வாளியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக் காட்டியபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒத்தடி," என்றார் திருநாவுக்கரசு.

கிராணி ஒரு கோடு போட்டார். காவலுக்கு நின்ற மலாய்க்காரக் கான்ஸ்டபிள் ஒரு கொட்டாவியை முடித்துவிட்டு வழி விட்டான். லெட்சுமி பனிக்குள் போனாள்.

அடுத்த வாளி ஒன்றாகத்தான் ஒலித்தது. அதற்கடுத்ததும் ஒன்றாகத்தான் ஒலித்தது. சுண்டுவிரலைக் காதில் விட்டுக் குடைந்துகொண்டார். காதில் ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரியும்.

பெயரில்தான் நாவு, ஆளுக்கு வாய்த்தது காது. சிரம்பானிலிருந்து போர்டிக்சன் போகிற சாலையில், பதினோராம் மைல்கட்டையில் இருந்த அந்தத் தோட்டத்தில், ஓட்டை வாளி, ஒழுகும் கெண்டி, மரத்தில் கட்டும் நசுங்கிய மங்கு, ஆலையில் ரப்பரை உருட்டித் தட்டையாக்கும் மெஷின் என்று இரும்பிலும் தகரத்திலும் எது நோய்ப்பட்டாலும் அவருடைய பட்டறைக்குத்தான் வரும். அவர் அதைத் திருப்பிப் பார்க்க மாட்டார். தட்டுவார். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். விரிசல் எங்கே, துரு எவ்வளவு ஆழம், இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பதை வாளியே அவரிடம் சொல்லிவிடும் என்று பேச்சு. ஒரு கட்டைக்கு அப்பால் லாரி வரும்போதே எந்தச் சக்கரத்தில் எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். போய்ச் சரிபார்த்தவர்கள் யாரும் கிடையாது. அதனால் அவர் சொன்னது ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அந்தக் காதுதான் அவரைப் பெரட்டுக்களத்தில் கொண்டுவந்து நிறுத்தியது.

மலாயாவில் அவசரகாலம் பிறந்து நான்காவது வருஷம். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சோறு போகக்கூடாது என்று தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். அரிசியை அளந்து கொடுத்தார்கள். வேலைக்குப் போகிறவர் ஒரு பிடிச் சோறுகூட வேலியைத் தாண்டிக் கொண்டுபோகக்கூடாது. போத்தலில் தண்ணீர் மட்டும். வெறும் வயிற்றோடு முந்நூறு மரம் வெட்டி, பாலை எடுத்து, சுமந்துவந்து நிறுத்துக் கொடுத்த பிறகுதான் சாப்பாடு. பக்கத்துத் தோட்டத்தில் யாரோ வாளிக்குள் இன்னொரு அடித்தகரத்தைப் பற்றவைத்து, இரண்டு அடிக்கும் நடுவே அரிசியைப் பரப்பிக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டதாகச் செய்தி வந்தது. வந்த மறுநாளே துரை திருநாவுக்கரசைக் கூப்பிட்டுக் கேட்டார். அறுபது வாளியையும் தினமும் பிரித்துப் பார்க்க முடியுமா?

"பிரிக்க வேணாங்க தொரை. தட்டுனாத் தெரிஞ்சிரும்."

அது உண்மைதான். வாளியைத் தரையில் வைக்காமல் தொங்கவிட்டுப் பிடிக்க வேண்டும். இரும்புச் சுத்தியல் ஆகாது. அது தன் சத்தத்தையே கொடுக்கும். கொய்யாக்கட்டைச் சுத்தியலால், அடியின் நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒரே ஒரு தட்டு. அடி ஒன்று என்றால் சத்தம் நீளமாக இழுத்துக்கொண்டு போய் அடங்கும். இரண்டு என்றால், முதல் சத்தம் அடங்குவதற்குள் அதன் நிழலைப் போல இன்னொன்று கீழேயிருந்து கிளம்பும். முதல் வகைக்கு ஒத்தடி என்றும் இரண்டாவதற்கு ரெண்டடி என்றும் அவரே பெயர் வைத்தார். கிராணி அதை இங்கிலீஷாக்கி, காவலுக்குத் தலைவனான வெள்ளைக்கார சார்ஜெண்டிடம் சொல்வார். ஏற்பாடு சுலபமாக இருந்தது.

சுலபமாக இருந்ததுதான் வினை. வாளியின் கீழ்ப்பாகமும் அடிதான், சுத்தியலால் கொடுப்பதும் அடிதான், காலால் எடுத்து வைப்பதும் அடிதான். ஒரே சொல்லுக்கு மூன்று வேலை கொடுத்து வைத்திருக்கிறோம். சொல்லும் அலுத்துப்போகும் அல்லவா?

ஆறு வாரத்துக்கு முன்னால், இதே விளக்கு, இதே பனி. நாற்பத்து நான்காம் வாளியை நீட்டியவன் லெட்சுமியின் புருஷன் அர்ச்சுனன். தட்டியதும் சத்தம் மொத்தையாக வந்தது. திருநாவுக்கரசுக்கு அரைக் கணத்தில் காரணம் தெரிந்துவிட்டது: கழுவாத வாளி, உள்ளே பால் உறைந்து தோலாக ஒட்டியிருக்கிறது. ஓரமாக இன்னும் இரண்டு தட்டுத் தட்டினால் சந்தேகம் தீரும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"இருங்க, ரெண்டடி..."

அடிச்சுப் பார்த்துர்றேன் என்ற மிச்சம் வாய்க்குள் இருந்தபோதே கிராணி இங்கிலீஷில் சொல்லிவிட்டார். சார்ஜெண்ட் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான். அர்ச்சுனன் முதலில் வாளியைப் பார்த்தான். பிறகு திருநாவுக்கரசைப் பார்த்தான். பிறகு ஓடினான். தோட்டத்து வாளி, தொலைத்தால் கேள்வி வரும் என்று அதையும் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு ஓடினான்.

அவன் கதவிலிருந்து முதல் மரவரிசைக்குப் போக நாலு மூச்சு விடும் நேரம் ஆகியிருக்கும். "அது இல்ல, நான் சொன்னது அது இல்ல" என்று கத்துவதற்கு அதில் பாதி போதும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

குண்டு வாளியின் அடி வழியாக நுழைந்து, வாய் வழியாக வெளியேறி, அவன் முதுகுக்குப் போயிருந்தது. வாளியைத் தூக்கிப் பார்த்தார்கள். ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. ஒரே அடி. அவன் ஏன் ஓடினான் என்பது வேட்டியை அவிழ்த்தபோது தெரிந்தது: மடியில் வாழையிலையில் சுருட்டிய ஒரு பிடிச் சோறு. காட்டுக்காரர்களுக்கு அல்ல. பத்து மணிக்குத் தானே தின்பதற்கு. இன்னும் சூடு இருந்தது.

ஓடியதால் சுடப்பட்டான் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

தோட்டம் ஆளை விடும், வாளியை விடாது. மூன்றாம் நாள் கிராணி அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்து போட்டார்.

"அடைச்சுக் குடுத்துரு. நெரைய அவன் பொஞ்சாதிக்குக் குடுத்தாச்சு. லயத்துல இருக்கணும்னா வேல செய்யணும், என்ன?" என்றவர், வாசலில் கொஞ்சம் நின்றார். "நீ ரெண்டடின்னுதானப்பா சொன்ன?"

"சொன்னேன்," என்றார் திருநாவுக்கரசு. பொய் இல்லை.

"அதான் நானும் சொன்னேன்," என்று கிராணி குடையை விரித்துக்கொண்டு போனார்.

குண்டு ஓட்டையை அடைப்பது ஆணி ஓட்டையை அடைப்பது போல அல்ல. குண்டு தகரத்தைத் துளைக்கும்போது தான் போகிற பக்கமாக அதைப் பூவிதழ் போலப் பிதுக்கிவிட்டுப் போகும். பிசிறு எந்தப் பக்கம் மடிந்திருக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து சுட்டிருக்கிறார்கள். தகரம் பொய் சொல்லாது. இந்த வாளியில் பிசிறு உள்பக்கம் மடிந்திருந்தது. அதை ஓர் இரும்புக்கட்டையின் மேல் வைத்து மெதுவாகத் தட்டிச் சமமாக்கினார். அரத்தால் வெள்ளை தெரியும்வரை சுரண்டினார். பழைய வாளியிலிருந்து ரூபாய் அகலத்துக்கு ஒரு வட்டத் துண்டை வெட்டினார். திராவகத்தில் துத்தநாகத் துண்டைப் போட்டுப் பொங்கி அடங்கும்வரை காத்திருந்தார். திராவகத்தைக் கொன்றபிறகுதான் பூச வேண்டும். உயிரோடு இருந்தால் பின்னாளில் தகரத்தைத் தின்னும். கரியடுப்பில் ஈயம் பற்றவைக்கும் பற்றுக்கோலைச் சொருகி, நெருப்பு ஓரத்தில் பச்சை காட்டியதும் எடுத்து, நவச்சாரக் கட்டியில் ஒரு தேய்ப்பு. வெள்ளைப் புகை மூக்கில் ஏறியது. ஈயம் உருண்டு, தயங்கி, பிறகு தண்ணீர் போல விளிம்பைச் சுற்றி ஓடியது. வெளிப்பக்கம் சுண்ணாம்பு தடவி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தார். தண்ணீர் போகாத இடத்திலும் மண்ணெண்ணெய் போகும். சுண்ணாம்பில் ஈரம் வரவில்லை. நல்ல வேலை. தன் வேலை நன்றாக இருப்பதைப் பார்க்காமலிருக்க வாளியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார்.

வாளியை வாங்க லெட்சுமியே வந்தாள். வாங்கி, விரலால் அந்த வட்டத்தைத் தடவினாள்.

"அண்ணே. ஒங்க காது தப்பாதுங்கிறாங்க. ஓட்ட வழியா பாத்தா தர தெரிஞ்சிச்சுங்கிறாங்க. எதுண்ணே நெசம்? அவரு வாளி நெசமாவே ரெண்டடியா?"

கரி அடுப்பில் படபடவென்று வெடித்தது. இல்லம்மா, நான் இன்னும் ரெண்டு தட்டுத் தட்டணும்னு சொல்ல வந்தேன், அதுக்குள்ள... ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய வாக்கியம். அவர் பற்றுக்கோலை எடுத்து மறுபடி அடுப்பில் சொருகினார்.

"எனக்கு அப்பிடித்தாம்மா கேட்டுச்சு."

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள். நம்பியதும் அவள் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனது. புருஷனைப் பற்றி அதுவரை வைத்திருந்த ஏதோ ஒன்று. வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

கேட்டது என்று சொன்னார். அதன்பிறகுதான் கேட்க ஆரம்பித்தது.

ஒருநாள் கேட்டது மறுநாளும் கேட்டது. நாற்பத்து நான்காம் வாளி மட்டும். தட்டு விழும், நீண்ட சத்தம் புறப்படும், அது அடங்குவதற்குள், மிகவும் கீழேயிருந்து, வாளியின் ஆழத்தைவிட ஆழமான இடத்திலிருந்து, இன்னொன்று. டொக். யாரோ விரல் முட்டியால் பதில் சொல்வது போல. அவர் ஒவ்வொரு நாளும் "ஒத்தடி" என்றார். சொல்லும்போது சார்ஜெண்டைப் பார்க்கவில்லை. அந்தச் சத்தம் இன்னொரு காதுக்கும் கேட்டுவிட்டால் லெட்சுமி அந்த வரிசையிலிருந்து எங்கே போவாள் என்று அவருக்குத் தெரியும். உண்மையில் உள்ளே எதுவும் இருக்கிறதா என்பது அப்போது யாருக்கும் முக்கியமாக இருக்காது. போன தடவையும் இருக்கவில்லை.

வீட்டில் தாயம்மா சோற்றுத் தட்டை வைத்தாள். அவர் விரலை மடக்கித் தட்டின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். காதைச் சாய்த்தார்.

"சோத்துல கல்லு கெடந்தாத் தேடுங்க. தட்டுலயா தேடுறீங்க?" என்றாள் தாயம்மா.

"ஒனக்கு எத்தன சத்தம் கேட்டுச்சு?"

"எனக்கா? காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு, வெட்டப் போயி, பாலு தூக்கி, வந்து சமைச்சு, ஒங்க முன்னாடி ஒக்காந்திருக்கேன். எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. ஊர்க்காரவுக பேசுறதுகூட ஏதோ கெணத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கு. தின்னுங்க லா."

தின்றார். மூடியைத் தட்டினார். டொக், டொக். செம்பைத் தட்டினார். டொக், டொக். கெண்டியில் தண்ணீர் பாதிதான் இருந்தது. பாதிக் கெண்டி எப்படி ஒலிக்கும் என்று முப்பது வருஷமாக அவருக்குத் தெரியும். அதிலும் இரண்டு. தாயம்மா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியடியில் வைத்துவிட்டு, விளக்கை அணைத்தாள். ஊரடங்கு.

பட்டறை வேலை கெட்டது. பற்றவைத்த வாளியைத் தட்டிப் பார்க்காமலே அனுப்பினார். ஒழுகுகிறது என்று இரண்டு வாளி திரும்பி வந்தது. அந்தத் தோட்டத்தில் அதற்கு முன் நடக்காத சங்கதி. கண்ணைச் சுற்றிக் கறுப்பு இறங்கியது. நாள் முழுவதும் அலுப்பாக இருந்தது. முதுகிலோ காலிலோ அல்ல, காதில். காதை எங்காவது கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் படுக்கலாமா என்று தோன்றியது.

ஒரு மத்தியானம் லெட்சுமியே வாளியோடு பட்டறைக்கு வந்தாள். வெளியே மழை. தகரக்கூரையில் அது கொட்டிய கொட்டில் பக்கத்தில் இருப்பவர் கத்தினால்தான் கேட்டது. அது திருநாவுக்கரசுக்கு நிம்மதியாக இருந்தது.

"அண்ணே, இந்த வாளி கனக்குது."

"பாலு கட்டியிருக்கும். கழுவும்மா."

"தேங்காய் நார் போட்டுத் தேச்சாச்சு. வெறும் வாளியே கனக்குதுண்ணே. காலையில போறப்ப அவ்வளவு இல்ல. வர்றப்ப பாலு நெறைஞ்சிருக்கும், அப்பக்கூடத் தெரியல. ஆனா ஊத்திட்டுத் திரும்பி வர்றேன் பாருங்க, வெறும் வாளியோட, அப்பத்தான்..." அவள் தன் உள்ளங்கையைக் காட்டினாள். கைப்பிடிக் கம்பி பதிந்து சிவந்திருந்தது. "ஆளு ஒக்காந்திருக்கிற மாதிரி."

அவர் வாளியை வாங்கினார். சாதாரணக் கனம்தான். நல்லவேளை என்று மூச்சு விடும்போதே கனம் ஏறித் தோள்பட்டை மெதுவாகக் கீழே இறங்கியது.

"புது அடி போட்டுத் தர்றேன். நாளைக்குக் காலையில பெரட்டுல வாங்கிக்க."

அவள் போனபிறகு கதவைச் சாத்தினார். வாளியைக் கவிழ்த்தார். பற்றுக்கோலைக் காய்ச்சி, அடியின் விளிம்பைச் சுற்றி ஓட்டினார். ஈயம் கண்ணீர் போலத் திரண்டு திரண்டு விழுந்தது. பூச்சுத் தகரம் சூடானால் வரும் இனிப்பான விஷப்புகை தொண்டையைப் பிடித்தது. பாதிச் சுற்று வந்தபோது அடி தளர்ந்தது. முக்கால் வந்தபோது குறட்டால் பிடித்து இழுத்தார்.

கையோடு வந்தது.

ஒரே தகரம். கீழே வேறொன்றும் இல்லை. வாளி இரண்டு பக்கமும் திறந்த குழாய் போல நின்றது; அதன் வழியே பட்டறைத் தரையும் கரித்தூளும் தெரிந்தன. அரிசி இல்லை, மறைவு இல்லை. அவருடைய வட்ட ஒட்டு நடுவில் மினுமினுத்தது. அதை வேட்டி முனையால் துடைத்தார். போய்ச் சொல்லிவிடலாம். இந்தத் தகரத்தையே எடுத்துக்கொண்டு போய், பாரும்மா, எப்பவும் ஒத்தடிதான், தப்பு என் வாயில என்று சொல்லிவிடலாம். மூன்றாவது லயம், கடைசிக்கு முந்தின வீடு. எண்பது அடி தூரம்.

எழுந்தார். வெளியே போனார். பட்டறைக்கும் பெரட்டுக்களத்துக்கும் நடுவே இருந்த செம்மண் மேட்டில், மழையிலேயே, முழங்கை ஆழத்துக்குத் தோண்டி அந்தத் தகரத்தைப் புதைத்தார். மேலே மண்ணைப் போட்டுக் காலால் மிதித்தார்.

மிதித்தபோது மண் டொக்கென்றது. மழை இரைச்சல் என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளே வந்து புதுத் தகரம் வெட்டி, விளிம்பு மடித்து, தட்டி, பற்றவைத்தார். சுண்ணாம்பு தடவினார். மண்ணெண்ணெய் ஊற்றினார். காத்திருந்தார். ஈரம் இல்லை. தொங்கவிட்டுத் தட்டினார்.

ஒரே சத்தம். நீளமாக, சுத்தமாக, மணி போல. அடங்கியபிறகு வெறும் மழை.

அன்றுதான் பல வாரத்துக்குப் பிறகு தூங்கினார். குறட்டை விட்டதாகத் தாயம்மா சொன்னாள். "ரெண்டு ஆளு விடுற கொறட்ட," என்றாள்.

காலையில் மழை விட்டிருந்தது. மரம் ஈரமாக இருந்ததால் வெட்டு கொஞ்சம் தாமதம். பெரட்டில் எல்லாரும் இன்னும் அதிகமாகத் தூங்கினார்கள். விளக்கு இரைந்தது. கிராணி கோடு போட்டார். ஒத்தடி. ஒத்தடி. ஒத்தடி. நாற்பத்து நான்காம் வாளி வந்தது. அவர் சுத்தியலை ஓங்கினார். தட்டினார்.

ஒன்று.

மீண்டும் கேட்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது.

"கனமே இல்லண்ணே," என்றாள் லெட்சுமி, குரலைத் தாழ்த்தி. "அன்னைக்கு அவருக்கும் இப்பிடி ஒரு வாளி இருந்திருந்தா... அந்த மனுசன் எனக்குத் தெரியாம அரிசி கடத்தியிருக்காருண்ணே. என்கிட்டயே ஒரு வார்த்த சொல்லல. அதத்தான் என்னால தாங்க முடியல."

விளக்கு வெளிச்சத்தில் அவள் கண் காய்ந்து கிடந்தது. அழுது முடித்த கண் அல்ல. அழ மாட்டேன் என்று முடிவு செய்த கண். திருநாவுக்கரசு வாயைத் திறந்தார். பின்னால் பதினாறு பேர் நின்றார்கள். கிராணியின் பென்சில் காத்திருந்தது.

"ஒத்தடி," என்றார்.

அவள் போனாள். பதினாறு பேரும் போனார்கள். கதவைச் சாத்தினார்கள். கான்ஸ்டபிள் விளக்கின் காற்றைத் திறந்துவிட்டான். அது ஒரு பெருமூச்சு விட்டுச் சிவந்து அணைந்தது. கிராணி கதவருகே நின்று சுருட்டுப் பற்றவைத்தார்.

திருநாவுக்கரசு பட்டறைக்கு நடந்தார். விடியவில்லை, வானம் ஈயக்கட்டி நிறத்தில் இருந்தது. மழையில் ஊறிய செம்மண் வெறுங்காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. சொதசொதவென்றிருக்க வேண்டிய மண்.

டொக், என்றது.

அவர் நடந்தார். டொக். டொக். ஒவ்வொரு அடிக்கும், அது அடங்குவதற்குள், கீழே இன்னொரு அடி.

வேகமாக நடந்தார். அதுவும் வேகமாக. மெதுவாக. மெதுவாக. எதிரொலிதான், என்று சொல்லிக்கொண்டார். மேடு. கீழே பள்ளமாக இருக்கும். கரையான். எலி. எதிரொலிதான்.

நின்றார்.

கீழே அது ஓர் அடி கூடுதலாக வைத்தது. பிறகு நின்றது.

எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் பார்த்தார். நேற்று மிதித்து மூடிய இடம்.

மண்ணெல்லாம் ஒரே தகரம் போலக் காலுக்குக் கீழே விறைத்திருந்தது. மெல்லிய தகரம். அதற்கு அந்தப் பக்கம், தலைகீழாக, ஒருவன். உள்ளங்காலோடு உள்ளங்கால். குளிர்ச்சி இல்லை இப்போது. ஓடியவன் கால் போலச் சூடு.

ஓடலாம். ஓடக்கூடாது. ஓடினால் என்ன ஆகும் என்று அவர் பார்த்திருக்கிறார்.

அசையவில்லை.

கீழே ஏதோ தேடியது. நிதானமாக. வேலை தெரிந்த கை. அவருடைய குதிகாலின் நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளி, சரியான இடத்தைக் கண்டுபிடித்தது.

தட்டியது.

மரச்சுத்தியல். கொய்யாக்கட்டை. ஒரே ஒரு தட்டு.

சத்தம் எலும்பு வழியாக ஏறியது. முழங்கால். இடுப்பு. விலா. மண்டை. நீளமாக இழுத்துக்கொண்டே போனது. அது அடங்க வேண்டும், அடங்கட்டும், ஒன்றாகவே அடங்கட்டும் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அடங்குவதற்குள், நெஞ்சுக்குள், எங்கோ ஆழத்தில், இன்னொன்று.

கீழே ஒரு குரல். மூச்சு வாங்கும் குரல்.

"இருங்க," என்றது. "ரெண்டடி..."

மிச்சத்தைச் சொல்லவில்லை. அவர் மிச்சத்துக்காகக் காத்திருந்தார். நாலு மூச்சு விடும் நேரம்.

கீழேயே, துப்பாக்கியின் தாழ்ப்பாளை யாரோ இழுத்துவிட்ட சத்தம். கிளிக்.

"என்னப்பா அரசு," என்று கதவருகிலிருந்து மணியம் கிராணி சிரித்துக்கொண்டே கூப்பிட்டார், "நின்னுக்கிட்டே செத்துட்டியா?"

திருநாவுக்கரசு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பாதங்களுக்கும் நடுவே, செம்மண்ணில், ரூபாய் அகலத்துக்கு வட்டமாக ஓர் ஓட்டை. அதிலிருந்து மெல்லிய ஆவி வந்தது; சூடான சோற்று வாசனை. ஓட்டையின் விளிம்பில் மண், குண்டு துளைத்த தகரம் போல, பூவிதழாகப் பிதுங்கியிருந்தது.

பிசிறு மேல்பக்கமாக மடிந்திருந்தது.